பாதி ரொட்டி

சமயநல்லூருக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கொஞ்சம் கூரை வீடுகள் இருந்தன. அங்கே மற்ற வீடுகளில் புகை எழுந்தால் உலை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மலையம்மாள் வீட்டுக் கொல்லையில் புகை எழுந்தால் மட்டும், பார்த்தவர்கள் நின்று, யாருக்கு முடியலை என்று கேட்பார்கள். அவள் ரொட்டி சுடுகிறாள் என்றால் யாரோ படுத்துவிட்டார்கள். டவுன் ரொட்டி என்பது சீக்காளி தின்பது. உடம்பு நன்றாக இருக்கிறவன் அதை ஏன் தொடப்போகிறான்?

ஒரு நடவுக்காரி, எழுத்து வாசனை இல்லாதவள், மதுரையில் துரைமார்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுடுகிற ரொட்டியைச் சேரியில் உட்கார்ந்து சுடக் கற்றுக்கொண்டது எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்ததில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். கள் குடிக்க அது ஒரு சாக்கு என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளும் மூட முயலவில்லை. நடந்ததைச் சொல்வதைவிடக் குடிகாரி என்று பெயர் வாங்குவது அவளுக்கு லேசாக இருந்தது.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ, ஓர் ஐப்பசியில். அடைமழைக்குப் பின்னால் வருகிற விஷக்காய்ச்சல் அந்த வருஷம் அவள் மகன் பால்பாண்டியைப் பிடித்தது. மாடு மேய்க்கிற வயது. அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தூளியோடு போய்விட்டதால் அவன் ஒருவன்தான் மிச்சம். கருப்பு சாமிக்குக் கிடா நேர்ந்து முடிச்சுப் போட்டார்கள். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் எதற்கும் அசையவில்லை. அவள் புருஷன் சுருளி பண்ணையாள். நடவு நேரத்தில் அவனால் வயலைவிட்டு நகர முடியாது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போன வண்டியில் பையனைக் கிடத்தி அவளே கூட்டிப் போனாள். ஒரு டாக்டர் பார்த்தார், பாட்டிலில் மருந்து கொடுத்தார். பையன் வற்றி எலும்பாகிப் போன பிறகு, ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியது.

இறங்கிய செய்தியைச் சொல்லப் போனபோது டாக்டர் இல்லை. கம்பவுண்டர்தான் கேட்டுக்கொண்டார். கண்டம் தாண்டியாச்சு, இனிமேல் எல்லாம் சாப்பாட்டில்தான் இருக்கு என்றார். சோறு கூடாது, களி கூடாது.

"ரொட்டியும் பாலும் மட்டும் குடு. அதுவும் கொஞ்சங்கொஞ்சமா."

மலையம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. வழி நெடுக அவள் பயந்து வந்தது, பார்லி என்றும் ஆரஞ்சு என்றும் தனக்கு எட்டாததாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றுதான். ரொட்டிதானே! கேப்பையை வீட்டில் திரித்து வைத்திருக்கிறாள். பால் ஒச்சாயி வீட்டு ஆட்டில் கிடைக்கும். ஒச்சாயி சுருளியின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரி. மலையம்மாள் கம்பவுண்டரை இரண்டு தடவை கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ரொட்டி என்றால் ஒன்றுதான்: கேப்பை மாவைப் பிசைந்து, மண் ஓட்டில் தட்டி, திருப்பிப் போட்டு எடுப்பது. உலகத்தில் இன்னொரு ரொட்டி இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரியாது என்று அந்தக் கம்பவுண்டருக்குத்தான் யார் சொன்னார்கள்?

அன்றைக்குச் சுட்டது போல அவள் ஒருநாளும் ரொட்டி சுட்டதில்லை. மாவைச் சீலைத்துணியில் சலித்தாள். வெந்நீர் விட்டுப் பிசைந்தாள். பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று நல்ல கனமாகத் தட்டினாள். வாசம் எழுந்ததும் பையன் எத்தனையோ நாளைக்குப் பிறகு தானாக எழுந்து உட்கார்ந்தான். பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். அவன் தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னும் கேட்டான். கொஞ்சங்கொஞ்சமாக என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பொழுது சாயட்டும் என்று சொல்லி, மீதிப் பாதியைக் கஞ்சிப்பானை மூடியில் வைத்துவிட்டு, பால் வாங்க ஒச்சாயி வீட்டுக்குப் போனாள். சுருளி அப்போதுதான் வயலிலிருந்து வந்து பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்தபோது மூடியில் ரொட்டி இல்லை. வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. சனியன் பிடித்த கோழி என்று விளக்குமாற்றால் அதை அடித்து விரட்டினாள். பையன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். சிரிக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று அவளும் சிரித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். விடியும்போது வயிறு கல்லாக இறுகியிருந்தது. வண்டி பிடிக்க ஓடிய சுருளி வண்டியோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கருப்பு ஏற்றுக்கொள்ளவில்லை என்றான் சுருளி. நேர்ந்த கிடாயைத் தள்ளிப்போட்டது தன் குற்றம் என்று சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

கருமாதி கழிந்த பிறகு மலையம்மாள் டவுனுக்கு விறகுக்கட்டு சுமந்து போனாள். மருந்து பாட்டில் டாக்டர் வீட்டுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செத்த வீட்டில் அடுத்தவர் பொருள் தங்கக்கூடாது. கம்பவுண்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. என்ன கொடுத்தாய் என்றார். நீங்க சொன்ன ரொட்டிதான் சாமி என்றாள்.

"எந்தக் கடையில வாங்கின?"

"கடையா? எங்க வீட்டு ஓட்டுல சுட்டது சாமி. கேப்பை."

கம்பவுண்டர் உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து மேஜை ஓரத்தில் வைத்தார். மேலே பழுப்பாக, உள்ளே பஞ்சாக வெளுத்திருந்தது. தொட்டுப் பார் என்றார். விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.

"இதுதாம்மா ரொட்டி. அந்தக் காய்ச்சல்ல குடலெல்லாம் புண்ணா இருக்கும். முரட்டுத் தீனி பட்டா கிழிஞ்சுரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் சில உண்மைகளைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் ஒரு தர்மம்தான். அந்தத் தர்மம் அன்று அவருக்குத் தோன்றவில்லை. மலையம்மாள் தலைச் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். சுருளியிடம் சொல்லவில்லை. அடிப்பான் என்ற பயமில்லை. அவன் அழுததை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது. பாதிதானே கொடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எத்தனையோ வருஷம் உயிரோடு இருந்தாள்.

விரல் மட்டும் அந்த மெத்தென்றதை மறக்கவில்லை. விறகு போடுகிற வீடுகளை மாற்றிக்கொண்டு, டவுனில் ஒரு ரொட்டிக்கிடங்கின் பின்வாசலுக்குப் போக ஆரம்பித்தாள். அவளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். தொழில் ரகசியத்தை விறகுக்காரிக்கு யார் சொல்வார்கள்? கட்டை இறக்குகிற சாக்கில் கதவிடுக்கில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தாள்: விடிகாலையில் இறக்கிய கள்ளை ஒருவன் கலயத்தோடு கொண்டுவந்து மாவுத் தொட்டியில் ஊற்றினான். சீக்காளி தின்கிற ரொட்டியில் கள்ளா என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு யோசித்தாள். கள் நுரைக்கும். நுரைக்கிறது மாவைத் தூக்கும். தூக்கினால்தான் விரல் உள்ளே போகும். அவ்வளவுதான் அவள் படித்த பாடம். மிச்சத்தை மாவும் நெருப்பும் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தன.

டவுன் கடையிலிருந்து மைதா வாங்கி வந்தாள். ஸ்டேஷன் பக்கம் ரயில்காரர்கள் எறிந்த பால் டப்பாவைப் பொறுக்கி, மணல் போட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டாள். கொல்லையில் குழி தோண்டி, வாய் உடைந்த பானையைப் பதித்து, அடியில் கங்கு போட்டாள். முதல் ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது அடி கரிந்து, நடு பச்சை மாவாக இருந்தது. எழும்பிவிட்டதா என்று ஆசைப்பட்டுத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் ஒரு தடவை மாவு அப்படியே அமுங்கிப் போனது. ஒரு தடவை கள் ஏறிப் புளித்து, பக்கத்தில் போக முடியவில்லை. ஒரு தடவை இரவு பிசைய வைத்திருந்த கள்ளைச் சுருளி குடித்துவிட்டதில் மாவு அசையவே இல்லை, அவன்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

அந்தக் கள்தான் ஊருக்குக் கிடைத்த அவல். சுருளி குடித்தால் உடம்பு அலுப்பு. மலையம்மாள் கலயத்தோடு கடைக்குப் போனால் குடி கெட்டது. நியாயம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. குடிக்கிறியா மதினி என்று ஒச்சாயி நேரிலேயே கேட்டாள். சுருளி ஒருநாள் கலயத்தைத் தெருவில் போட்டு உடைத்தான். மலையம்மாள் ஓட்டுச்சில்லுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மறுநாள் வேறு கலயம் எடுத்துக்கொண்டு போனாள். ஏன் என்று சொன்னால் எதற்காக என்றும் சொல்ல வேண்டியிருக்கும். வாயைத் திறக்காமல் இருக்க அவள் அந்தக் குழியடுப்பிடம்தான் கற்றுக்கொண்டாள்: மூடி வைத்திருக்கும்வரைதான் உள்ளே இருக்கிற சூடு நிற்கும்.

அடியில் மட்டும் நெருப்பு இருந்தால் போதாது, தலையிலும் வேண்டும் என்பது வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. பானை வாயில் தகரத்தைப் போட்டு அதன்மேலும் கங்கைப் பரப்பினாள். துணியைத் தூக்கிப் பார்க்கிற ஆசையை விட்டொழித்தாள். அசையாமல் கிடக்கிற மாவு செத்துக் கிடக்கவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பப் பழகினாள். ஒரு தை மாதம் காலையில் டப்பாவைக் கவிழ்த்தபோது, பழுப்பாக, முழுசாக, ஒரு ரொட்டி கையில் விழுந்தது. விரலை வைத்தாள். உள்ளே போனது.

சந்தோஷம் வரவில்லை. இம்புட்டுத்தானா என்று இருந்தது. இம்புட்டுத் தெரிந்திருந்தால் போதும், ஒரு பிள்ளை இருந்திருக்கும். ரொட்டியை முந்தானையில் கட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போய், பால்பாண்டியைப் புதைத்த மேட்டில் வைத்தாள். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தாள். காக்கை தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யார் வீட்டில் விஷக்காய்ச்சல் என்றாலும் கூப்பிடாமலே போவாள். காய்ச்சல் இறங்குகிற சமயம் பார்த்துச் சரியாக நிற்பாள். வாசலிலேயே ரொட்டியில் விரலை அமுக்கிக் காட்டி, ரொட்டி என்றால் இதுதான், நம்ம ரொட்டி இல்லை, கேப்பையைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்பாள். பெரிய டாக்டரம்மா என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிலர் எமன் வீட்டுச் சோறு என்று கதவைச் சாத்தினார்கள். பிழைத்தவர்கள் அவளை மறந்துபோனார்கள். செத்தவர்கள் வீட்டில் மட்டும் யாரும் மறக்கவில்லை. நல்லகாமன் மகள் அவள் ரொட்டியைத் தின்று பிழைத்து எழுந்து கல்யாணமாகி விளாங்குடிக்குப் போனாள். கல்யாணத்துக்கு மலையம்மாளைக் கூப்பிடவில்லை. மங்கள காரியத்தில் அவள் முகம் எதற்கு?

இப்படியே வருஷங்கள் போயின. சீமையில் சண்டை வந்தது. மண்ணெண்ணெய் போனது, அரிசி போனது, மைதா கண்ணில் படவே இல்லை. மலையம்மாள் மட்டும் ஒரு சிறு மூட்டை மாவைப் பூச்சி அண்டாமல் வேப்பிலை போட்டுக் கூரை முகட்டில் கட்டி வைத்திருந்தாள். யார் கேட்டும் எடுக்கவில்லை. தன் வீட்டுக்கு ஒருநாள் வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. நாற்பத்துமூன்றாம் வருஷத்து மழைக்குப் பிறகு சுருளி படுத்தான்.

அதே காய்ச்சல். அதே மாதிரி வாரக்கணக்கில் இழுத்து, அதே மாதிரி இறங்கியது. இறங்கியதும் அவனுக்குப் பசி வந்தது. அந்தப் பசியை அவளுக்குத் தெரியும். அதற்குத்தான் அவள் பயந்தாள். மூட்டையை இறக்கினாள். ரொட்டி சுட்டு, ஆட்டுப்பாலில் ஊறப்போட்டுக் கொண்டுபோய் நின்றாள். சுருளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கள்ளு நாற்றம் என்றான். சாகப்போகிறவன் தின்கிறதை எனக்கு ஏன் கொண்டுவருகிறாய் என்றான். கேப்பை ரொட்டி தட்டிக் கொடு, இல்லையென்றால் களி கிண்டு, ஒரு வாய் நல்ல தீனி தின்றால் எழுந்து வயலுக்குப் போய்விடுவேன் என்றான். அவள் மாட்டேன் என்றாள். அன்று முழுக்க அவன் கேட்டான், அவள் மறுத்தாள். பட்டினியில் அவன் கண் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலையில் ஒச்சாயி வந்தாள். அண்ணன் பசியால் முனகுவது சுவர் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஆமணக்கு இலையில் மூடி, சுடச்சுட ஒரு கேப்பை ரொட்டி கொண்டுவந்திருந்தாள். வாசம் வந்ததும் சுருளி தானாக எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினான். மலையம்மாள் இலையோடு பிடுங்கிக் கொல்லையில் எறிந்தாள்.

ஒச்சாயி அசையாமல் நின்று பார்த்தாள்.

"பயல முழுங்குனது பத்தாதா மதினி? எங்கண்ணனையும் பட்டினி போட்டுக் கொல்லணுமா?"

மலையம்மாள் அவள் கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டுக் கதவுப் படலைச் சாத்தினாள். இனி இரண்டில் ஒன்றுதான். சொல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ யாராவது அவனுக்கு ஒரு கேப்பை ரொட்டியைக் கொடுத்துவிடுவார்கள், அவன் செத்துப்போவான். சொன்னால் பிழைப்பான், ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் புருஷனாக இருப்பானா என்பது தெரியாது. அவன் எதிரில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"இதத்தான்யா அன்னைக்கும் டாக்டரு வீட்டுல சொன்னாக. ரொட்டின்னா எனக்கு இது தெரியல. நம்ம ரொட்டின்னு நெனச்சு கேப்பையத் தட்டிக் குடுத்துட்டேன். கொடலு கிழிஞ்சுருச்சாம். கருப்பு ஒண்ணும் பண்ணல. பயலக் கொன்னது நாந்தான்."

சுருளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஓங்குவான் என்று காத்திருந்தாள். ஓங்கினால்கூட நல்லது என்று இருந்தது. அவன் கேட்டது வேறு.

"எம்புட்டுக் குடுத்த?"

"பாதி. பாதிதான்யா குடுத்தேன். மிச்சத்த மூடில வச்சேன், அதக் கோழி தூக்கிட்டுப் போயிருச்சு."

வெளியே சரக்கு ரயில் ஒன்று போய் முடிந்தது.

"கோழி தூக்கல" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் தாங்கய்யான்னு கேட்டான். நீ பாலுக்குப் போயிருந்த. பசியில கேக்குதே பிள்ளன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். ஆத்தாட்டச் சொல்லாதீங்கய்யான்னான். சரிடான்னேன்."

மலையம்மாளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, துக்கமும் இல்லை. ஆறுதல். பத்து வருஷமாகத் தனியாகச் சுமந்ததை யாரோ ஒரு பக்கம் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. அந்த ஆறுதல் வந்ததை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எதிரில் இருந்தவன் முகத்தைப் பார்த்தாள். கருப்பின்மேல் போட்டு வைத்திருந்த பாரத்தை அவன் இப்போதுதான் தன் தலைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பிழைக்க வைப்பதற்காகச் சொன்னது அவனை என்ன செய்துவிட்டது என்று பார்த்தபோது, சொல்லியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எந்தத் துணியைப் போட்டு மூடுவது?

"தின்னுய்யா" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். அவள் பாலில் ஊறிய ரொட்டியைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிட்டு ஊட்டினாள். பாதி போனதும் போதும் என்று கையால் மறித்தான். பசியில் கிடந்தவன்தான், இன்னும் பசி இருந்ததுதான், கண்ணிலேயே தெரிந்தது. அவள் வற்புறுத்தவில்லை. மீதியை மூடியில் வைத்தாள்.

சுருளி பிழைத்துக்கொண்டான். பொங்கலுக்குள் எழுந்து வயலுக்கும் போனான். கருப்பு கோவில் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு போகவில்லை. இருவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. அவன் கள்ளை விட்டுவிட்டான். அவள் மட்டும் கலயத்தோடு போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முடியாத நாட்களில் குழிக்குக் கங்கு அள்ளிப் போடுவான். மாவை மட்டும் தொடமாட்டான்.

ஆனால் அன்றையிலிருந்து அவனுக்கு எதை வைத்தாலும் பாதிதான். கூழானாலும் சரி, பண்ணையில் போடுகிற விருந்துச் சோறானாலும் சரி, பாதியில் கை நின்றுவிடும். ரொட்டிக்காரி ஏதோ வைத்துவிட்டாள் என்று ஒச்சாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சுருளி மெலிந்துகொண்டே போனான். மலையம்மாள் ஏன் என்று கேட்டதில்லை. அவன் தள்ளி வைத்த பாதியை மூடியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போவாள். திரும்பி வரும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கும்.